விற்பவரிடம் கேட்காததை வாங்குபவருக்கு எப்படிச் சொல்வது?

எங்கள் அலுவலகச் சோதனைப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். மதுரைக்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். புடவை எடுப்பதென்றால் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். ஊரில் விளக்குத்தூண் பக்கம் கடைக்குப் போனால் எப்படி எடுப்பார் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்காரர் புடவையைப் பிரித்துப் போட்டதும் முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நெருடிப் பார்ப்பாராம். பருத்தியா, கலப்பா, கஞ்சி எவ்வளவு என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். மீதியைக் கடைக்காரரின் வாய் பார்த்துக்கொள்ளும். "உடம்பு கத்தரிப்பூ கலர்ம்மா. பார்டர் மாம்பழ மஞ்சள், நாலு விரக்கடை வரும். உள்ள பொடிப்பொடியா புட்டா, முந்தில மட்டும் சரிகை." அக்காவுக்கு இது போதும். நிறத்தைக் கண்ணால் பார்த்ததில்லை என்றாலும், கத்தரிப்பூவுக்கு எந்த பிளவுஸ் சேரும், கல்யாணத்துக்கு எது, அலுவலகத்துக்கு எது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அம்மாவும் சித்திமாரும் புடவை பற்றிப் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவர்.

அதே அக்கா போனில் புடவை தேடினால் காதில் விழுவது இப்படி இருக்கும்: "நியூ ட்ரெண்டிங் ஃபேன்சி பார்ட்டி வேர் சாரி வித் பிளவுஸ் பீஸ். மல்டிகலர். இமேஜ். இமேஜ். இமேஜ். அன்லேபிள்ட் பட்டன்." பார்வை உள்ளவருக்கு வேண்டிய எல்லாம் அந்தப் படங்களில் இருக்கிறது. அக்காவுக்குக் கிடைத்தது "மல்டிகலர்" மட்டும்.

நான் இணையச் சந்தை ஒன்றில் வலைப்பக்கங்களுக்கும் செயலிக்கும் நிரல் எழுதுகிறேன். சில வருடங்களாக, மாற்றுத்திறனாளிகள் அதைத் தடையில்லாமல் பயன்படுத்த வைப்பதுதான் என் முழுநேர வேலை. இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. வாங்குபவர் பார்க்கும் பக்கத்தை எவ்வளவு செதுக்கினாலும் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும். மறுபாதி, விற்பவர் தன் பொருளை ஏற்றுகிறாரே, அந்தப் படிவத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பதால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஸ்கிரீன் ரீடர் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள் அது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் போனோடே வருபவை. கணினியில் பலரும் வைத்திருப்பது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கி, பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்து வளர்த்த இலவச மென்பொருள் அது. இருவருமே பார்வையற்றவர்கள். டாக்பேக் ஓடும்போது விரலை வலப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினால், திரையில் அடுத்து இருப்பதைப் பேசும். இருமுறை தட்டினால் அது திறக்கும். அக்கா வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவர் அதில் ஒரு பக்கத்தை நான் கண்ணால் மேய்வதற்குள் கேட்டு முடித்துவிடுவார். ஆகவே வேகம் அவருக்குப் பிரச்சினையே இல்லை. பேசப்படுவதில் விஷயம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலையை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் 1,299 என்று போட்டு அதன்மேல் கோடு கிழித்து, பக்கத்தில் 499 என்று போட்டிருப்பார்கள். கண்ணுக்குக் கோடு தெரிகிறது. பெரும்பாலான ஸ்கிரீன் ரீடர்கள் அந்தக் கோட்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. "1,299. 499. 61." என்று மூன்று எண்கள் வரிசையாக வரும். எது கொடுக்க வேண்டிய காசு, எது பழைய விலை, 61 என்பது தள்ளுபடியா, மிச்சமிருக்கும் சரக்கா? இதைச் சரிசெய்வது சின்ன வேலைதான். கண்ணுக்குத் தெரியாமல், காதுக்கு மட்டும் கேட்கும்படி "பழைய விலை", "இப்போதைய விலை", "தள்ளுபடி சதவீதம்" என்று மூன்று சொற்களை நிரலில் சேர்த்தால் போதும். எல்லாப் பொருளுக்கும் ஒரே அச்சில் வரும் பக்கம் என்பதால், ஓரிடத்தில் சேர்த்தது லட்சக்கணக்கான பொருள்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

நிறம் தேர்ந்தெடுக்கும் வட்டங்களும் அப்படித்தான். சிவப்பு, நீலம், பச்சை என்று சின்னச்சின்ன வட்டங்கள். அவற்றுக்குப் பெயர் வைக்காமல் விட்டால் "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் கேட்கும். இது பார்வையற்றவர்களுக்கு மட்டுமான சிக்கலும் கிடையாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நம்மில் பலருடைய குடும்பத்திலும் யாராவது இருப்பார்கள். நிறக்குருடு இருப்பதே தெரியாமல் வாழ்க்கையை ஓட்டியவர்களும் உண்டு.

வரைபடத்தில் குண்டூசியை இழுத்து வீட்டின்மேல் வைக்கச் சொல்லும் திரை என்னை மிகவும் பாடாய்ப் படுத்திய ஒன்று. முகவரி முழுதாகத் தட்டச்சு செய்தாயிற்று, கதவு எண் கொடுத்தாயிற்று, பின்கோடு கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் "உங்கள் இடத்தைச் சரியாகக் குறிக்கவும்" என்று ஒரு படம் வந்து வழியை மறிக்கும். பார்வை இல்லாதவருக்கு அது வெற்றுப் பரப்பு. கை நடுக்கம் உள்ளவருக்கு, மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு, வாயில் குச்சியை வைத்துத் திரையைத் தொடுபவருக்கு, அழுத்திப் பிடித்து இழுத்து விடுவது என்பது நடக்கிற காரியமே கிடையாது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வலைப்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பொதுவான விதித்தொகுப்புக்கு வலை உள்ளடக்க அணுகல் நெறிகள் என்று பெயர். அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தபோது இதற்கென்றே ஒரு விதி சேர்த்தார்கள்: இழுத்துச் செய்யும் எதையும் தொட்டுச் செய்யவும் வழி இருக்க வேண்டும். நாங்கள் செய்தது எளிமையானது. குண்டூசியைக் கட்டாயமில்லாமல் ஆக்கிவிட்டு, "பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்று ஓர் எழுத்துப் பெட்டி வைத்தோம். "பிள்ளையார் கோயிலுக்கு எதிர் சந்து, ரெண்டாவது வீடு, பச்சை கேட்" என்று ஜனங்கள் எழுதுகிறார்கள். டெலிவரி தம்பிகளுக்குக் குண்டூசியைவிட அதுதான் பிடித்திருக்கிறது.

பணம் கட்டும் இடத்தில் "வலப்பக்கம் தள்ளிப் பணம் செலுத்துங்கள்" என்று வரும் பட்டையும் இதே ரகம். அப்புறம் விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி. கடுகளவில் ஒன்றை வைத்துவிட்டு, தவறித் தொட்டால் வேறெங்கோ கொண்டுபோய் விடுவார்கள். தொடும் இடம் எதுவும் 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்பதும் அதே 2.2 பதிப்பில் வந்ததுதான். என்னைக் கேட்டால் அதுவே போதாது. ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்லும் 48 என்ற அளவுதான் விரலுக்கு நியாயமானது. ஓடிபி நேரக் கணக்கு இன்னொன்று. குறுஞ்செய்திக்குப் போய், எண்ணைக் கேட்டு, திரும்பி வந்து, ஒவ்வொரு கட்டமாக உள்ளிடுவதற்குள் முப்பது விநாடி ஓடிப்போகும். ஒரே பெட்டியாக வைத்து, போன் தானே நிரப்ப விட்டால் பிரச்சினை முடிந்தது. கார்ட்டில் நம்மைக் கேட்காமலேயே காப்பீடு, நன்கொடை என்று எதையாவது சேர்த்துவைக்கும் பழக்கத்தை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. பார்த்து வாங்குபவர் சில சமயம் கண்டுபிடித்து எடுத்துவிடுவார். காதால் வாங்குபவருக்கு அது மொத்தத் தொகையில்தான் இடிக்கும். எங்கே இடித்தது என்று தேட மறுபடி முதலிலிருந்து கேட்டு வர வேண்டும்.

இவை எதுவும் புதிதாக முளைத்த குறைகள் இல்லை. அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய அங்காடியின் இணையதளத்தில் படங்களுக்கு விளக்கம் இல்லை, மவுஸ் இல்லாமல் பொருள் வாங்கி முடிக்க முடியவில்லை என்று பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு வழக்குப் போட்டது 2006-இல். 2008-இல் 60 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. அதற்குப் பிறகு இத்தனை வருடம் போயும், வலை அணுகலை ஆராயும் வெப்எய்ம் அமைப்பு 2025-இல் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களை இயந்திரத்தைக் கொண்டு சோதித்தபோது 94.8 சதவீதத்தில் குறை இருந்தது. அடிக்கடி வரும் குறைகள் ஆறுதான்: மங்கலான எழுத்து, விளக்கம் இல்லாத படம், பெயர் இல்லாத படிவப் பெட்டி, வெற்று இணைப்பு, வெற்று பட்டன், எந்த மொழி என்று சொல்லாத பக்கம். ஒன்றுகூட ராக்கெட் அறிவியல் கேட்காது. மனசு வைத்தால் ஒரு குழு சில மாதங்களில் தன் பக்கத்தில் இந்த ஆறையும் துடைத்துவிடலாம்.

சரி, துடைத்தாயிற்று. பட்டனுக்கெல்லாம் பெயர் வந்துவிட்டது, விலை ஒழுங்காகப் பேசுகிறது, வரைபடம் மறிப்பதில்லை. அக்கா மறுபடி புடவை தேடுகிறார். "நியூ ட்ரெண்டிங் ஃபேன்சி பார்ட்டி வேர் சாரி. இப்போதைய விலை 499. கார்ட்டில் சேர், பட்டன்." எல்லாம் அழகாகக் கேட்கிறது. புடவை எப்படி இருக்கும் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

இதற்கு நிரல் எழுதுபவரால் ஒன்றும் செய்ய முடியாது. புடவையைப் பற்றி எங்கள் கணினிக்கே எதுவும் தெரியாது. யாரோ ஐந்து படத்தை ஏற்றி, நாலு சொல்லை ஒட்டியிருக்கிறார்கள். அதை எவ்வளவு பண்போடு வாசித்துக் காட்டினாலும் நாலு சொல் நாலு சொல்தான்.

விற்பவருக்குத் தெரியாதா என்றால், அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. சேலம் இளம்பிள்ளையிலிருந்து எங்கள் தளத்தில் விற்கும் ஒருவரிடம் போனில் பேசினேன். "அண்ணே, இந்தப் புடவைக்கு நிறம் மல்டிகலர்னு போட்டிருக்கீங்களே, என்ன கலர்?" என்று கேட்டதுதான் தாமதம். "அது வாடாமல்லி தம்பி. பார்டர் பாட்டில் கிரீன், ரெண்டு பக்கமும் ஒரே அகலம். உடம்புல சாய்வா கோடு ஓடும். முந்தில பெரிய மயில் ஒண்ணு. துணி சாஃப்ட் சில்க், கனமே இருக்காது, கைல துவைக்கலாம். ஆனா மொத தடவ உப்புத் தண்ணில தனியா அலசணும், சாயம் கொஞ்சம் போகும்." மூச்சு விடாமல் சொன்னார். இதெல்லாம் ஏன் போடவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே தம்பி. கலருக்கு ஒரு லிஸ்ட் வருது, அதுல வாடாமல்லி இல்ல. சுத்திச் சுத்திப் பாத்துட்டு மல்டிகலர்னு போட்டுட்டேன்."

எங்கள் படிவத்தை அதன்பின் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். நிறத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆங்கிலப் பெயர்கள். அரக்கு இல்லை, கிளிப்பச்சை இல்லை, மயில்கழுத்து இல்லை. காஞ்சிபுரம் பட்டில் எம்.எஸ். புளூ என்று சொன்னால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குக் கண்முன் வரும், அதுவும் இல்லை. "விளக்கம்" என்று ஒரே ஒரு பெரிய பெட்டி, அதுவும் கட்டாயமில்லை. அளவு அட்டவணையைப் படமாக ஏற்றச் சொல்லி ஒரு பட்டன். படத்துக்கு விளக்கம் எழுத இடமே கிடையாது. பட்டனுக்கு நான் எத்தனை பெயர் வைத்து என்ன புண்ணியம்?

இதை, வலைக்கான பொதுத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு எப்போதோ யோசித்து வைத்திருக்கிறது. உள்ளடக்கத்தை உருவாக்கும் கருவிகளுக்கு என்றே தனி அணுகல் நெறிகள் உண்டு. அதன் 2.0 பதிப்பு 2015 செப்டம்பரில் வந்தது. அதில் இரண்டு பகுதி. கருவியை மாற்றுத்திறனாளிகளே பயன்படுத்த முடிய வேண்டும் என்பது முதல் பகுதி. அந்தக் கருவியைக் கொண்டு யார் எதைச் செய்தாலும் அது மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி கருவியே கையைப் பிடித்து வழிநடத்த வேண்டும் என்பது இரண்டாம் பகுதி. விற்பவரின் படிவம் இந்த இலக்கணத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும் கருவி. ஆனால் இணைய வணிகக் கூட்டங்களில் எல்லோரும் வாங்குபவர் பக்கத்துக்கான நெறிகளைப் பற்றியே பேசுகிறார்கள். இந்த இன்னொரு ஆவணத்தின் பெயரைச் சொன்னால் முழிக்கிறார்கள்.

படிவத்தை மாற்ற ஆரம்பித்தோம். பெரிய "விளக்கம்" பெட்டியை உடைத்து, கடைக்காரரிடம் வாடிக்கையாளர் கேட்பதுபோலச் சின்னக் கேள்விகளாகப் போட்டோம். உடம்பு என்ன நிறம், பார்டர் என்ன நிறம், எவ்வளவு அகலம், முந்தியில் என்ன இருக்கிறது, தொட்டால் எப்படி இருக்கும், எப்படித் துவைக்க வேண்டும். தமிழில் எழுதலாம், பேசியும் பதியலாம். பேசுவது எழுத்தாக மாறும். எழுதத் தயங்கியவர்கள் பேசச் சொன்னதும் பொரிந்து தள்ளிவிட்டார்கள். பேசி விற்பதுதானே அவர்கள் தொழில். அளவு அட்டவணையைப் படமாக ஏற்ற முடியாமல் செய்துவிட்டு, இடுப்பு, மார்பு, நீளம் என்று எண்களாகவே கேட்டோம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே "இந்தப் படத்தில் புடவையின் எந்தப் பகுதி தெரிகிறது?" என்று ஒரு வரி. "படத்துக்கு மாற்று உரை தருக" என்று கேட்டபோது "சாரி போட்டோ" என்று வந்து விழுந்த இடத்தில், இப்போது "முந்தானையில் மயில், கழுத்து பச்சை, தோகை பொன் நிறம்" என்று வருகிறது. "சாரி போட்டோ" என்பதை எந்தத் தானியங்கிச் சோதனையும் சரி என்று டிக் போட்டுவிடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். படத்துக்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும்.

மளிகைப் பொருள்களில் இதன் தீவிரம் அதிகம். புடவை நிறம் மாறினால் மனக்கஷ்டம், அவ்வளவுதான். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கும் பார்வையற்ற அம்மாவுக்கு, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் என்ன பிரயோஜனம்? சட்டமுறை எடையளவு விதிகளின்படி அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரிப்பாளர் போன்ற விவரங்களை இணையச் சந்தையும் காட்ட வேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. பலர் அதைப் படமாகக் காட்டிக் கடமையை முடித்துக்கொள்கிறார்கள். அதையே எழுத்தாகக் கேட்டு வாங்கினால் கூடுதல் செலவு ஏதும் இல்லை. பொருள் கைக்கு வந்த பிறகும் விவரம் தெரிய, உணவுப் பாக்கெட்டுகளில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்காகக் க்யூஆர் குறியீடு போடலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2023 அக்டோபரில் பரிந்துரைத்தது. நல்ல யோசனை. அந்தக் குறியீட்டுக்குப் பின்னால் இருக்கும் பக்கமும் ஸ்கிரீன் ரீடரில் ஒழுங்காகப் பேச வேண்டும், இல்லாவிட்டால் சுற்றி வந்து அதே இடத்தில்தான் நிற்போம்.

"செயற்கை நுண்ணறிவே படத்தைப் பார்த்து எழுதிவிடுமே, விற்பவரை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள்?" என்று என்னிடம் கேட்காத மேலாளர் இல்லை. முயன்று பார்த்தோம். "சிவப்புப் புடவை அணிந்த இளம்பெண் சிரித்தபடி நிற்கிறாள்" என்று எழுதியது. பெண் சிரிப்பது அக்காவுக்கு எதற்கு? அரக்கும் மெரூனும் அதற்கு ஒன்றுதான். வெளிச்சம் கொஞ்சம் மாறினால் வாடாமல்லி ஊதாவாகிவிடும். துணியின் கனமும் சாயம் போகும் விஷயமும் படத்திலேயே கிடையாது. எதுவுமே எழுதாத பழைய பொருள்களுக்கு இது கைகொடுக்கும், அங்கே வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இயந்திரம் எழுதியது என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அதைவிட மோசம், ஒரு வரி நிரலை ஒட்டினால் உங்கள் தளம் முழுக்க அணுகல் வந்துவிடும் என்று விற்கப்படும் ஒட்டுக் கருவிகள். தளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படமோ மனித உருவமோ மிதக்குமே, அதுதான். இப்படி வாக்குறுதி கொடுத்த ஆக்சசிபி என்ற நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது. அக்காவைப் போன்றவர்கள் தங்களுக்கு வசதியாகப் போனை ஏற்கெனவே அமைத்துவைத்திருக்கிறார்கள். அதன்மேல் வந்து உட்கார்ந்து இன்னொரு குரல் பேசினால் இருப்பதும் கெட்டுப்போகும்.

தமிழ் வாசகர்களுக்காக ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று நிரலில் குறிக்க வேண்டும். தமிழ்ப் பக்கத்தில் "ஆங்கிலம்" என்ற குறியையே விட்டுவைத்திருக்கும் தளங்கள் ஏராளம். அப்படி இருந்தால் ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொள்ளும். அந்தக் குரல் தமிழ் எழுத்தைப் பேசாமல் தாண்டிப்போகும், அல்லது ஒன்றும் புரியாதபடி உடைத்துப் பேசும். முழுப் பக்கமும் தமிழில் மொழிபெயர்த்துப் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரு தளம், தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பாட்டியின் காதுக்கு வெற்றிடமாக இருப்பதை நான் கேட்டிருக்கிறேன். அதைச் சரிசெய்ய மாற்ற வேண்டியது இரண்டே எழுத்து.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் 46-ஆம் பிரிவு தனியார் சேவை வழங்குபவரையும் சேர்த்தே பேசுகிறது. தகவல் தொழில்நுட்ப அணுகலுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 17802, 2023-இல் விதிகளுக்குள் வந்தது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, அந்தச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் 15(1)-ஆம் விதியைச் செல்லாது என்றது. கட்டாய விதிகளை வகுக்கும்படி அரசைப் பணித்தது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் அணுகல் சட்டம் நடைமுறைக்கு வந்து இணைய வணிகத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு: விற்கப்படும் பொருளின் அணுகல் பற்றிய தகவலைப் பொறுப்பானவர் தந்திருந்தால், சந்தை அதை வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும். வாஷிங் மெஷினில் தொடுதிரை மட்டும்தான் இருக்கிறதா, திருகும் குமிழ் இருக்கிறதா என்பது பார்வையற்றவருக்கு வாங்குவதா வேண்டாமா என்பதையே தீர்மானிக்கும் கேள்வி. நம் ஊர் படிவங்களில் அதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கும் சந்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.

விற்பவர்களிலும் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள் என்பது பேச்சில் வருவதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் கிட்டத்தட்ட 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள். வெளியே போய் வேலை பார்க்கத் தோதில்லாத எத்தனையோ பேருக்கு வீட்டிலிருந்து ஊறுகாயோ மெழுகுவர்த்தியோ விற்பது நல்ல வழி. வாசலிலேயே மறிக்கிறது அடையாளச் சரிபார்ப்பு. கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அமில வீச்சில் கண்ணும் முகமும் சிதைந்த பெண்களால் சிமிட்ட முடியாது. இதை எதிர்த்து, அமில வீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் தீர்ப்புச் சொன்னார்கள். டிஜிட்டல் அணுகல் என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி 20 கட்டளைகளும் இட்டார்கள். அந்த வழக்கு அடையாளச் சரிபார்ப்பைப் பற்றியதுதான். ஆனால் எங்கள் விற்பனையாளர் பதிவுத் திரையில் சிமிட்டலுக்கு மாற்று வைக்க நான் வாதாடியபோது அந்தத் தீர்ப்பைத்தான் அச்செடுத்து எடுத்துப்போனேன். இப்போது தலையை அசைக்கலாம், அல்லது ஆளோடு வீடியோவில் பேசலாம்.

காது கேளாதவர்களுக்கு எழும் தடை வேறு மாதிரி. ஆப் முழுக்க அவர்கள் தடையில்லாமல் வருவார்கள், டெலிவரி நாளன்று போன் அடிக்கும். எடுக்கவில்லை என்றால் "வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை" என்று பார்சல் திரும்பிப் போய்விடும். கணக்கில் "எனக்கு அழைக்க வேண்டாம், செய்தி அனுப்பவும்" என்று ஒரு தேர்வு வைத்து, அது டெலிவரி செய்பவரின் திரையில் அழைக்கும் பட்டன் இருக்கும் இடத்திலேயே தெரிய வேண்டும். வேறு மூலையில் தெரிந்தால் அவசரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எங்களுக்கு இன்னும் பிடிபடாமல் இருப்பது ரிட்டர்ன். பொருளில் குறை இருந்தால் படமெடுத்து ஏற்று என்கிறது திரை. குறை இருக்கும் இடம் படத்துக்குள் விழுந்ததா, தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒருவரைக் கூப்பிட வேண்டும். டென்மார்க்கில் தொடங்கி 2015 முதல் இருக்கும் பி மை ஐஸ் செயலியில் யாராவது தன்னார்வலர் வீடியோவில் பார்த்துச் சொல்வார். அக்காவும் வைத்திருக்கிறார். ஆனால் ஒரு ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்ப முன்பின் தெரியாத ஒருவருக்கு ஏன் என் வீட்டைக் காட்ட வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம்தான். துணிமணிகளுக்கு மட்டும் "எடுக்க வருபவர் நேரில் பார்த்துக்கொள்ளட்டும்" என்று ஒரு வழி வைத்திருக்கிறோம். வீட்டு உபயோகப் பொருள்களுக்கு மோசடித் தடுப்புப் பிரிவு இன்னும் சம்மதிக்கவில்லை. மிக்ஸி ஜாரில் மயிரிழை விரிசல் இருந்தால் அக்கா விரலை ஓட்டியே கண்டுபிடித்துவிடுவார், எந்தப் படத்திலும் அது தெரியாது. அதை அவர்கள் முன்னால் உட்கார்ந்து செய்து காட்டுகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்கு நேரம் கேட்டு எழுதியிருக்கிறோம்.